வீடு காலியாக இருப்பதை ரோபோ எப்படி அறியும்? இஃப்ட் சேவை: ஒரு மதிப்புரை

ரோபோ வேக்குவம் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதன் செயலியில் காலை 10 மணி என்று ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடும் வீட்டுக்கு அந்த ஏற்பாடே போதும். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் நாட்களும், மழைக்காக அறிவிக்கப்படும் பள்ளி விடுமுறைகளும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும் பெரியவர்களும் உள்ள வீட்டுக்கு அது போதாது. கூடத்தில் இயந்திரம் ஓடினால் அறைக்குள் தொலைபேசியில் பேசுபவர் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது, தூங்குபவர் விழித்துக்கொள்கிறார். அதனால் குறித்த நேரத்தில் ஓடும் ரோபோவை யாராவது ஒருவர் நிறுத்தி வைப்பதும், மறுபடி ஓட விட மறந்து வீடு கூட்டப்படாமலே கிடப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. கடிகாரத்தை நம்பாமல், வீட்டில் உண்மையிலேயே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து இயந்திரத்தை ஓட விட முடியுமா என்ற கேள்விக்கு இணையத்தில் முதலில் சொல்லப்படும் விடை இஃப்ட் (IFTTT) சேவைதான். சென்னையில் நால்வர் வசிக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அதை நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்ததன் அடிப்படையில் இதை எழுதுகிறேன். இது சேவையைப் பற்றிய மதிப்புரை என்பதால் எங்கள் ரோபோவின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்படுபவை அநேகமாக எந்த நிறுவனத்தின் இயந்திரத்துக்கும் பொருந்தும்.

இது நடந்தால் அதைச் செய் என்பதே இஃப்ட் சேவையின் அடிப்படை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2010இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம், ஓர் இணையச் சேவையில் நிகழும் நிகழ்வைத் தூண்டுதலாக எடுத்துக்கொண்டு, அதனோடு தொடர்பே இல்லாத வேறொரு சேவையிலோ கருவியிலோ ஒரு செயலை நடத்திக் கொடுக்கிறது. இந்த இணைப்பை முன்பு ரெசிபி என்று அழைத்தார்கள். 2016 முதல் ஆப்லெட் என்கிறார்கள். ரோபோ வேக்குவம் உலகில் ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பாவும் நீட்டோவின் பாட்வாக் வரிசையும் இதில் முன்பே சேர்ந்துகொண்டவை. 2002இல் விற்பனைக்கு வந்த ரூம்பாவுக்கு வைஃபை இணைப்பு 2015இல் வெளிவந்த 980 மாடலில்தான் கிடைத்தது என்பதை நினைவில் கொண்டால், வெளியிலிருந்து கட்டளை பெறும் துப்புரவு இயந்திரம் என்பது எவ்வளவு புதிய ஏற்பாடு என்று விளங்கும்.

அமைப்பது எளிது, இதில் எனக்கு முழுத் திருப்தி. இஃப்ட் கணக்கைத் திறந்து, ரோபோ நிறுவனத்தின் கணக்கை அதனோடு இணைத்து, தூண்டுதலையும் செயலையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஒரு வரி நிரல் எழுதத் தேவையில்லை. கணினியில் ஆர்வமில்லாத என் மனைவி தன் கைபேசியிலேயே ஓர் ஆப்லெட்டை உருவாக்கி, மாலையில் அது வேலை செய்வதைப் பார்த்து மகிழ்ந்தார். ரோபோவைத் தொடங்கு, நிறுத்திவை, சார்ஜ் ஏறும் இடமான டாக்குக்குத் திருப்பி அனுப்பு ஆகிய மூன்று கட்டளைகள் கிடைத்தாலே வீட்டுத் தேவையில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். வேலை தொடங்கியது, முடிந்தது போன்ற ரோபோவின் நிகழ்வுகளைத் திருப்பித் தூண்டுதலாகவும் பயன்படுத்தலாம்.

எல்லோரும் முதலில் கை வைப்பது இருப்பிடத் தூண்டுதலில்தான். வரைபடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். கைபேசி அந்த வட்டத்தை விட்டு வெளியேறியதும் ரோபோ கிளம்பும். இந்த வட்டத்தைச் சிறியதாகப் போட ஆசை வரும், போடக் கூடாது. ஆண்ட்ராய்டு நிரலாளர்களுக்கான கூகுளின் வழிகாட்டுதலே ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் தெருவில் ஜிபிஎஸ் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறிப்பதால், மேசை மேல் அசையாமல் கிடக்கும் கைபேசி வரைபடத்தில் அடுத்த தெருவுக்குப் போய் வரும். வட்டம் சிறியதானால் இந்த அலைச்சலே வெளியேற்றமாகக் கணக்கிடப்பட்டு, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ரோபோ ஓடத் தொடங்கும். ஆரத்தைப் பெரிதாக்கினால் இந்தத் தொல்லை நீங்கும். அப்போது தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதெல்லாம் வெளியேற்றமாகாது, அதுவும் நல்லதே.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது கைபேசியின் அனுமதிகள். இருப்பிடத்தை எப்போதும் பார்க்கலாம் என்ற அனுமதியை இஃப்ட் செயலிக்குத் தர வேண்டும். செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று கொடுத்தால் பின்னணியில் எதுவும் நடக்காது. ஆண்ட்ராய்டின் 8ஆம் பதிப்பிலிருந்து பின்னணியில் இருக்கும் செயலிகளுக்கு வட்டத்தைக் கடந்த தகவல் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. ஆகவே வாசலைத் தாண்டியதும் ரோபோ கிளம்பும் என்று எதிர்பார்க்கலாகாது. பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளைத் தாமாகவே மூடிவிடும் கைபேசிகள் நம்மூரில் அதிகம் புழங்குகின்றன. அவற்றின் பேட்டரி அமைப்புக்குள் போய் இந்தச் செயலிக்கு விலக்கு கொடுக்காவிட்டால், இரண்டொரு நாள் ஒழுங்காக நடந்த தானியக்கம் பிறகு சத்தமில்லாமல் நின்றுபோகும்.

இருப்பிடத்தைவிட எனக்குப் பிடித்தது வைஃபை துண்டிப்புத் தூண்டுதல். ஆண்ட்ராய்டு கைபேசி குறிப்பிட்ட ஒரு வைஃபையிலிருந்து விலகியதும் நிகழ்வு பதிவாகும். வீட்டு ரவுட்டரின் எல்லை என்பது வரைபட வட்டத்தைவிட வீட்டின் சுவர்களுக்கு நெருக்கமானது. அதனால் வீட்டை விட்டு வெளியேறியதை இது கூடுதல் துல்லியத்தோடு காட்டுகிறது. ஆனால் மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தாலும் அதே நிகழ்வுதான் பதிவாகும். மின்தடையின்போது வீட்டில் எல்லோரும் இருக்க, எல்லோரும் வெளியேறியதாகக் கருதி ரோபோவுக்குக் கட்டளை போகும். வீட்டு இணையமே இல்லாததால் அந்தக் கட்டளை அப்போது போய்ச் சேராது என்றாலும், ரவுட்டரை மட்டும் மறுதொடக்கம் செய்யும் நேரங்களில் போய்ச் சேர்ந்துவிடும். எனவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ரவுட்டரையும் ஃபைபர் இணைப்புப் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுவது அவசியம். ரோபோவின் டாக்குக்கு இன்வெர்ட்டர் தேவையில்லை. இயந்திரத்தினுள் பேட்டரி இருக்கிறது.

நாட்காட்டித் தூண்டுதலைப் பலர் கவனிப்பதில்லை, அது வருத்தத்துக்குரியது. கூகுள் நாட்காட்டியில் ஒரு குறிப்பிட்ட சொல் இடம்பெற்ற நிகழ்ச்சி தொடங்கும்போது மட்டும் இயங்குமாறு ஆப்லெட்டை அமைக்கலாம். வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு நாட்காட்டியை வைத்து, கோயிலுக்கோ திருமணத்துக்கோ குடும்பத்தோடு கிளம்பும் நாளில் நிகழ்ச்சியின் பெயரோடு "வெளியே" என்ற சொல்லையும் சேர்த்து எழுதிவிட்டால், அந்த நேரத்தில் ரோபோ கிளம்பும். நாள்தோறும் நடப்பதற்கு இது உதவாது. முன்கூட்டியே தெரிந்த பயணங்களுக்கு இதைவிட நம்பகமான தூண்டுதல் இல்லை, ஏனெனில் இங்கே ஊகிப்பது இயந்திரமல்ல; வீடு காலியாக இருக்கும் என்று தெரிந்த ஒரு மனிதரே அதைச் சொல்கிறார். அழைப்பு வந்து எடுத்தவுடன் ரோபோவை நிறுத்தி வைக்கும் ஆப்லெட்டும் பயனுள்ளது. வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் கூகுள் விரிதாளில் ஒரு வரி சேர்க்கும் ஆப்லெட்டை நான் குறிப்பாகப் பரிந்துரைக்கிறேன். சில வாரங்கள் கழித்து அந்தத் தாளைத் திறந்து பார்த்தால், எந்தக் கிழமைகளில் வீடு கூட்டப்படாமல் விடுபடுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். எங்கள் வீட்டில் அது வியாழக்கிழமை. அப்பா அன்று முழுக்க வீட்டிலேயே இருப்பார்.

இந்த இடத்தில்தான் இஃப்ட் சேவையின் அடிப்படைக் குறை வெளிப்படுகிறது. அதற்கு நிகழ்வுகள் தெரியும், நிலைகள் தெரியாது. நான் வெளியேறியது ஒரு நிகழ்வு. வீடு காலியாக இருக்கிறது என்பது ஒரு நிலை. தனியாக வசிப்பவருக்கு இரண்டும் ஒன்றே. அதனால் அவர் வீட்டில் இந்தச் சேவை குறைவில்லாமல் வேலை செய்யும். நால்வர் உள்ள வீட்டில் ஒருவர் வெளியேறுவதற்கும் வீடு காலியாவதற்கும் இடையே பல மணி நேரம் இருக்கக்கூடும். சில நாட்களில் வீடு காலியாகாமலே போகலாம். என் கைபேசி வெளியேறினால் ரோபோவைத் தொடங்கு என்று எழுதினால் அப்பாவின் தூக்கம் கெடும். நால்வரின் கைபேசிகளுக்கும் தனித்தனி ஆப்லெட் எழுதினால் நான்கு முறை கெடும். நால்வரும் வெளியே இருந்தால் மட்டும், அதுவும் இன்று ஏற்கெனவே ஓடியிருக்காவிட்டால் மட்டும், அதுவும் இரவு எட்டு மணிக்கு முன்பு மட்டும் தொடங்கு என்பதுதான் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய கட்டளை. ஒற்றைத் தூண்டுதலையும் ஒற்றைச் செயலையும் கோக்கும் எளிய ஆப்லெட்டில் இந்த நிபந்தனைகளுக்கு இடமில்லை.

கட்டணம் செலுத்துவோருக்கு வடிகட்டும் நிரல் எழுதும் வசதி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் சில வரிகள் எழுதி, நேரத்தையோ கிழமையையோ சோதித்து, பொருந்தாவிட்டால் செயலைக் கைவிடச் சொல்லலாம். இரவில் ஓட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டாம் என்பன போன்ற தடைகளை இதன் மூலம் விதிக்க முடிகிறது. ஆனால் நிரல் எழுதத் தெரியாதவருக்கும் எளிது என்பதுதான் இந்தச் சேவையின் பெருமை. குடும்பத்துக்குப் பொருந்தும்படி அமைக்க நிரல் எழுத வேண்டும் என்றால் அந்தப் பெருமையில் பாதி போய்விடுகிறது. ஐரோபோட் நிறுவனமே இந்தத் தேவையை உணர்ந்து, 2020இல் தன் செயலியைப் புதுப்பித்தபோது, வீட்டில் ஆள் இல்லாதபோது கூட்டும் வசதியை லைஃப்360, ஈகோபீ வெப்பநிலைக் கட்டுப்படுத்திகள், ஆகஸ்ட் பூட்டுகள் ஆகியவற்றோடு இணைத்துக் கொடுத்தது. குடும்பத்தினர் அனைவரின் இருப்பிடத்தையும் ஒன்றாகப் பார்க்கும் லைஃப்360 போன்ற ஒரு சேவை இடையில் இருந்தால்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவே முடியும். அந்த வகையில் அது சரியான வடிவமைப்பு.

தாமதத்தையும் கட்டணத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்வை உடனுக்குடன் தாமே அறிவிக்கும் சேவைகளில் ஆப்லெட் சில நொடிகளில் இயங்கும். அப்படி அறிவிக்காத சேவைகளை இஃப்ட் அவ்வப்போது தானே போய்ப் பார்த்து வர வேண்டும். இலவசக் கணக்குக்கு இந்த இடைவெளி ஒரு மணி நேரம் வரைகூட நீளலாம், கட்டணக் கணக்குக்கு ஐந்து நிமிடம் என்பது நிறுவனமே சொல்லும் கணக்கு. துப்புரவைப் பொறுத்தவரை தொடங்குவதில் வரும் தாமதம் ஒரு குறையே அல்ல. நிறுத்துவதில் வரும் தாமதம்தான் குறை. முன்பு எத்தனை ஆப்லெட் வேண்டுமானாலும் இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. 2020 செப்டம்பரில் கட்டணத் திட்டம் வந்தபோது, நாமே உருவாக்கும் ஆப்லெட்டுகள் இலவசக் கணக்குக்கு மூன்று என்று குறைக்கப்பட்டன. பிறகு அந்த வரம்பு இரண்டாகச் சுருங்கியது. தொடங்க ஒன்று, நிறுத்த ஒன்று என்று வைத்தாலே இலவச எல்லை முடிந்துவிடுகிறது. ரோபோவுக்காக மட்டும் மாதக் கட்டணம் செலுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வேறு பல கருவிகளையும் இதன் வழியே இணைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

எந்தத் தூண்டுதலாலும் தீராத ஒரு விஷயம் தரை. ஆள் இல்லாத வீட்டில் ரோபோவை ஓட விடுகிறோம் என்றால், அது சிக்கிக்கொண்டால் எடுத்துவிட ஆள் இல்லை என்று பொருள். நம் வீடுகளில் அது சிக்கும் இடங்களும் நமக்கே உரியவை. பூச்சரத்திலிருந்து உதிர்ந்த மல்லிகையை அது எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். பூ உதிர்ந்தபின் எஞ்சும் வாழைநாரோ நூலோ உருளைத் தூரிகையின் இரு முனைகளிலும் போய் இறுகச் சுற்றிக்கொள்ளும். நீளமான தலைமுடியும் அங்கேயே சேரும். தூரிகையைக் கழற்றி, முனையில் உள்ள மூடியை எடுத்து, சிறிய கத்தரியால் நாரை அறுத்து இழுத்தால்தான் வரும். விட்டுவைத்தால் சுழலும் பகுதி உராய்ந்து சூடாகி இரைச்சல் கூடும். பழைய வீடுகளில் அறைக்கு அறை மரத்தாலான நிலைப்படி உயர்ந்து நிற்கும். பெரும்பாலான ரோபோக்கள் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம் வரைதான் ஏறும். அதற்கு மேல் உள்ள படியில் ஏற முயன்று பாதியில் தொங்கிவிடுவதும் உண்டு. அடியில் உள்ள அகச்சிவப்பு உணரிகள் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு பள்ளத்தை அறிபவை. கறுப்பு கிரானைட் ஒளியை விழுங்கிக்கொள்வதால் அதைப் பள்ளம் என்று எண்ணிப் பின்வாங்கும் இயந்திரங்கள் பல. மெல்லிய கால்மிதி, கைபேசி சார்ஜரின் வயர், தரை வரை தொங்கும் வேட்டியின் நுனி ஆகிய மூன்றும் அதற்கு ஆகாதவை. ஆகவே கிளம்பும் முன் தரையை ஒருமுறை பார்த்து, இருப்பவற்றை எடுத்து வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில், வெளியேறியதும் தானே ஓடும் ஏற்பாடு பெரும்பாலும் சிக்கிக்கொண்ட அறிவிப்பில்தான் முடியும். எங்கள் வீட்டில் இதற்காகவே தானியக்கத்தைச் சற்று மாற்றியிருக்கிறோம்: கதவுக்கு அருகில் ஒரு சிறிய பொத்தான் இருக்கிறது, கடைசியாகக் கிளம்புபவர் தரை சரியாக இருந்தால் அதை அழுத்திவிட்டுப் போவார். அழுத்திய நாளில் மட்டும் ரோபோ ஓடும்.

இனி கட்டளை பயணிக்கும் பாதையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாடு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். என் கைபேசியிலிருந்து இஃப்ட் சர்வருக்கு, அங்கிருந்து ரோபோ தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்கு, அங்கிருந்து கடல் கடந்து மீண்டும் என் வீட்டு ரவுட்டருக்கு, அதிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும் இயந்திரத்துக்கு. இந்த வழியில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் கட்டளை போய்ச் சேராது. 2020 நவம்பர் 25 அன்று அமேசானின் கிளவுட் சேவை முடங்கியபோது ரூம்பாவின் செயலியும் அதோடு முடங்கியது. 2021 டிசம்பர் 7 அன்றும் அப்படியே நடந்தது. இயந்திரத்தின் மேல் உள்ள பொத்தானை அழுத்தினால் அது ஓடியது. ஆனால் தானியக்கம் என்ற பெயரில் கட்டியதெல்லாம் அந்த நேரத்துக்கு இல்லாமல் போனது.

சில மணி நேர முடக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நிரந்தர முடக்கம் வேறு. நீட்டோ நிறுவனத்தை அதன் உரிமையாளரான ஜெர்மனியின் ஃபோர்வெர்க் 2023இல் மூடியது. குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குச் சேவை தொடரும் என்று அப்போது வாக்களிக்கப்பட்டிருந்தும், 2025இல் சர்வரை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. மோட்டாரும் பேட்டரியும் நன்றாக இருக்கும் இயந்திரங்கள் செயலியையும், அட்டவணையையும், அவற்றின் மேல் கட்டிய எல்லாத் தானியக்கத்தையும் இழந்து, பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடுபவை ஆகிவிட்டன. ஐரோபோட்டை 170 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அமேசான் 2022இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எதிர்ப்பால் 2024 ஜனவரியில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2025 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி, தனக்கு இயந்திரங்களைத் தயாரித்துக் கொடுத்து வந்த சீன நிறுவனமான பிசியாவின் கைக்குப் போகும் நிலைக்கு வந்தது. ரோபோ வேக்குவம் என்ற பொருளையே மக்களிடம் கொண்டு சேர்த்த நிறுவனத்துக்கு இந்த நிலை என்றால், வேறு எந்த நிறுவனத்தின் சர்வரும் நம் இயந்திரத்தின் ஆயுள் முழுக்க இருக்கும் என்று நம்பி வாங்குவது சரியாகாது. பணம் கொடுத்து வாங்கிய ஒரு பொருள், பழுதாகாமலே பாதிப் பயன் இழப்பதை நான் மிகப் பெரிய அநீதியாகக் கருதுகிறேன்.

பாதுகாப்பும் இதே பாதையைச் சார்ந்தது. இன்றைய ரோபோக்களில் பல, கேமராவும் ஒலிவாங்கியும் கொண்டவை. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் சில வீடுகளில் இருந்த ஈகோவாக்ஸ் டீபாட் எக்ஸ்2 இயந்திரங்களை வெளியாட்கள் கைப்பற்றி, அவற்றின் ஒலிபெருக்கி வழியே இனவெறி வசைகளைக் கத்தியதை ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி வெளிக்கொண்டு வந்தது. இஃப்ட் சேவையில் வெப்ஹுக் என்ற வசதி உண்டு. குறிப்பிட்ட ஓர் இணைய முகவரியைத் திறந்தாலே தூண்டுதல் இயங்கும். மிகவும் பயனுள்ள வசதி அது. ஆனால் அந்த முகவரிக்குள்ளேயே நம் இரகசியச் சாவி இருக்கிறது. அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதோ, உதவி கேட்டு எங்காவது ஸ்க்ரீன்ஷாட்டாகப் போடுவதோ கதவுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். பகிர்ந்துவிட்டிருந்தால் சேவையின் அமைப்புப் பக்கத்தில் பழைய சாவியை நீக்கிப் புதியது பெற்றுக்கொள்ள முடியும். கேமரா உள்ள ரோபோவை இணையத் தூண்டுதல்களோடு இணைக்க வேண்டாம் என்பது என் கருத்து. லேசர் கொண்டு வரைபடம் போடும் இயந்திரமே இதற்குப் போதும்.

இந்தக் குறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் விடை தருவது ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறமூல மென்பொருள். 2013இல் பாலுஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய இது, ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறிய கணினியில், வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. வைஃபை வசதியுள்ள பல ரூம்பாக்களோடு வீட்டு வலையமைப்பின் வழியே நேரடியாகப் பேசக்கூடியது. கட்டளை கடல் கடந்து போய் வர வேண்டியதில்லை. இஃப்ட்டில் இல்லாத நிலை என்னும் கருத்து இதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் ஒரு நபராகப் பதிந்து, அவர்கள் கைபேசியை இணைத்துவிட்டால், வீடு என்ற எல்லைக்குள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது எப்போதும் ஓர் எண்ணாக வைத்திருக்கும். அந்த எண் பூஜ்ஜியமாகிப் பத்து நிமிடம் அப்படியே நீடித்தால், நேரம் காலை ஒன்பதுக்கும் மாலை ஏழுக்கும் இடையில் இருந்தால், இன்று இன்னும் ஓடவில்லை என்றால், வாசல் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் ரோபோவைத் தொடங்கு. எண் மீண்டும் ஒன்றானால் டாக்குக்கு அனுப்பு. எங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். பத்து நிமிடக் காத்திருப்பு இருப்பதால் ஜிபிஎஸ் அலைச்சலோ ரவுட்டர் மறுதொடக்கமோ தொல்லை தருவதில்லை. மறந்துவைத்த கண்ணாடியை எடுக்கத் திரும்பி வருபவரின் காலில் ரோபோ வந்து மோதுவதும் இல்லை. அப்பாவிடம் இருக்கும் பழைய பொத்தான் கைபேசியில் இந்தச் செயலி ஓடாது. அதனால் அவரை மட்டும் வேறு வழியில் கணக்கில் சேர்த்தோம். அவர் அறையின் மின்விசிறி ஸ்மார்ட் பிளக் வழியாக ஓடுகிறது. விசிறி சுற்றினால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். சென்னையில் இது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் தவறாத அடையாளம்.

இதற்கு விலை உண்டு. சிறிய கணினி ஒன்றை வாங்கி, நிறுவி, அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். பொறுமையும் ஓரளவு ஆங்கில வாசிப்பும் வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போக விரும்புவோருக்கு வலெட்டூடோ இருக்கிறது. சியோமியின் முதல் ரோபோவுக்குள் உபுண்டு 14.04 ஓடுவதையும், அதன் முழுக் கட்டுப்பாட்டைப் பெறும் வழியையும் டென்னிஸ் கீஸ, டானியல் வெகெமர் என்ற இரு ஆய்வாளர்கள் 2017 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக்கில் நடந்த 34சி3 ஹேக்கர் மாநாட்டில் காட்டினார்கள். அந்த வழியில் வந்த ஆய்வுகளின் பயனாக, நிறுவனத்தின் சர்வரே இல்லாமல் ரோபோவை வீட்டுக்குள்ளிருந்து இயக்கும் மென்பொருளாக வலெட்டூடோவை ஜெர்மனியைச் சேர்ந்த சோரன் பையே உருவாக்கிப் பராமரித்து வருகிறார். குறிப்பிட்ட சில மாடல்களுக்கே அது பொருந்தும். சிலவற்றில் மேல்மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். உத்தரவாதத்தை மறந்துவிட வேண்டும். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழகியவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன். ஆனால் நிறுவனம் மூடினாலும் ஓடும் இயந்திரம் வேண்டும் என்போருக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இஃப்ட் சேவையைத் தனியாக வசிப்பவர்களுக்கும், காலையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் சிறு குடும்பங்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இலவசக் கணக்கின் இரண்டு ஆப்லெட்டுகளே அவர்களுக்குப் போதும். எப்போதும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணம் செலுத்தினாலும் அவர்களுடைய தேவை முழுமையாக நிறைவேறாது. இஃப்ட் வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், பெட்டியில் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், தாங்கள் வாங்கும் மாடல் அந்தச் சேவையின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். ரோபோக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் வைத்திருக்கும் வீடுகளில் ரவுட்டர் அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்க இருப்பவர்கள் இன்னொரு கேள்வியையும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்: வெவ்வேறு நிறுவனங்களின் வீட்டுக் கருவிகளுக்கான பொதுத் தரமான மேட்டரை இந்த மாடல் ஆதரிக்கிறதா? 2023 அக்டோபரில் வந்த மேட்டர் 1.2 பதிப்பு ரோபோ வேக்குவத்தை அந்தத் தரத்துக்குள் சேர்த்தது. ஆப்பிளின் ஹோம் செயலி 2025இல் ஐஓஎஸ் 18.4 மூலம் அதை ஏற்றுக்கொண்டது. மேட்டர் கட்டளைகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பயணிப்பவை. கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால், அட்டைப்பெட்டியில் மூன்று அம்புகள் மையத்தை நோக்கி நிற்கும் மேட்டர் சின்னம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.